உடலின் உள்வெப்பநிலை: இரத்தினபுரியின் ஈரவெப்பத்தில் ஓர் அளவீட்டுச் சிக்கல்

சப்ரகமுவ மாகாணத்தின் தலைநகரான இரத்தினபுரி, மத்திய மலைநாட்டின் தென்மேற்குச் சரிவு களுகங்கைப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் இடத்தில் அமைந்திருப்பதால், நுவரெலியாவின் குளிரையும் அநுராதபுரத்தின் வறட்சியையும் ஒருங்கே அறியாத காலநிலையைக் கொண்டுள்ளது. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை பெய்யும் அவ்வூரில் வளி ஏறக்குறைய எல்லா நாளும் ஈரம் சுமந்தே நிற்கிறது; பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான மாதங்களில், தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி தொடங்குவதற்கு முன், சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியை நெருங்கும்போது, அந்த ஈரத்தின் மேல் வெயிலும் வந்து சேர்ந்துகொள்கிறது. அக்காலத்து நண்பகலில் நிழலில் வைத்த வெப்பமானி 33 அல்லது 34 பாகை செல்சியஸ் காட்டுவது வழக்கம். வேலூரிலோ திருச்சியிலோ 40 பாகையைக் கண்டு பழகியவருக்கு இந்த எண் பெரிதாகத் தோன்றாது. ஆயினும் பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை, எகலியகொடைப் பகுதிகளின் தாழ்நிலத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போரும், இறப்பர் மலைகளில் பால் வெட்டுவோரும், வயல்களுக்கு நடுவே மாணிக்கக்கல் குழிகளில் இறங்குவோரும் அந்த 33 பாகையில் படும் பாட்டை நிழலில் தொங்கும் வெப்பமானி சொல்வதில்லை. அதை அறிய மனித உடலின் உள்வெப்பநிலையையே அளக்கவேண்டும். அதுவோ கேட்பதற்கு எளிதாகவும் செய்வதற்கு அரிதாகவும் உள்ள காரியம்.

வேலூரின் கோடைப் பகலில் வெப்பநிலை 38 பாகையும் சாரீரப்பதன், அதாவது வளி அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய நீராவியில் உண்மையில் தாங்கியிருக்கும் பங்கு, 30 விழுக்காடும் என்று கொள்வோம். இரத்தினபுரியில் அதே வேளையில் 33 பாகையும் 70 விழுக்காடும் என்று கொள்வோம். ஈரத்துணி சுற்றிய குமிழையுடைய வெப்பமானியை இரு இடங்களிலும் காற்றில் பிடித்தால், துணியிலிருந்து நீர் ஆவியாகி அதைக் குளிரவைப்பதால், அது வளியின் வெப்பநிலையைவிடக் குறைவாகவே காட்டும். இந்த ஈரக்குமிழ் வெப்பநிலை வேலூரில் ஏறக்குறைய 24.4 பாகையாகவும் இரத்தினபுரியில் 28.4 பாகையாகவும் இருக்கும். வியர்வையில் நனைந்த மனிதத் தோலும் ஈரத்துணி சுற்றிய ஒரு குமிழே என்று எண்ணிப் பார்த்தால், எந்த ஊரில் உடல் தன் வெப்பத்தைக் கழிக்கத் திணறும் என்பது உடனே விளங்கும். 35 பாகையிலுள்ள ஈரத்தோலின் மேற்பரப்பில் நீராவியின் அமுக்கம் ஏறத்தாழ 5.6 கிலோபாஸ்கல், வேலூரின் வளியில் அது 2.0, இரத்தினபுரியின் வளியில் 3.5. வியர்வையை ஆவியாக்கி இழுத்துச் செல்லும் விசை தோலின் அமுக்கத்துக்கும் வளியின் அமுக்கத்துக்கும் இடையிலான வேறுபாட்டிலேயே தங்கியுள்ளதால், பார்வைக்குக் குளிர்ந்ததாகத் தெரியும் ஊரில் அவ்விசை வேலூரில் உள்ளதன் அறுபது விழுக்காட்டுக்கும் கீழே சுருங்கிவிடுகிறது.

உடல் ஏன் இடைவிடாது வெப்பத்தைக் கழிக்கவேண்டியிருக்கிறது என்பதற்கும் எளிய கணக்கொன்று உண்டு. உணவைச் சக்தியாக மாற்றும் அனுசேபம் ஓய்விலிருக்கும் உடலில்கூட ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கும்போது அது இரு மடங்கையும் தாண்டிவிடும். மனித உடலின் ஒரு கிலோகிராமை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 3.5 கிலோஜூல் தேவை என்பதால், 50 கிலோகிராம் எடையுள்ள ஒரு பெண்ணின் உடலில் 250 வாட் வெப்பம் சிறிதும் வெளியேறாமல் தங்கினால், பன்னிரண்டு நிமிடத்துக்குள் உடல் ஒரு பாகை சூடேறிவிடும். உண்மையில் அவ்வாறு நேர்வதில்லை. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 2,430 கிலோஜூல் வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோகும் என்பதால், ஆரோக்கியமான உடலுக்கு வறண்ட வளியில் இது பெரும் பாதுகாப்பு. ஆனால் அந்தக் கணக்கு ஆவியாகும் வியர்வைக்கே பொருந்தும், சொட்டி விழும் வியர்வைக்குப் பொருந்தாது. ஈரவளியில் வியர்வையின் பெரும்பகுதி நெற்றியிலிருந்தும் முதுகிலிருந்தும் வீணே வழிந்தோடுகிறது. அதோடு, நெடுநேரம் நனைந்தே இருக்கும் தோலில் வியர்வைச் சுரப்பிகளும் மெல்லமெல்லச் சுரப்பைக் குறைத்துக்கொள்கின்றன. வெப்பத்துக்குப் பழகிய உடல் முன்கூட்டியே, மிகுதியாக வியர்க்கக் கற்றுக்கொள்வது உண்மை என்றாலும், ஆவியாக இடமில்லாத வளியில் மிகுதியாக வியர்ப்பதன் பயன் குன்றி, நீரிழப்பே மிஞ்சுகிறது. ‘பிறந்ததிலிருந்து இந்த வெயிலுக்குப் பழகியவர்கள்தானே’ என்று தோட்ட மக்களைப் பற்றி எளிதாகச் சொல்லப்படும் பேச்சுக்கு உடலியலில் இருக்கும் ஆதாரம் அரைகுறையானது.

உள்வெப்பநிலை என்பது மூளை, இதயம், ஈரல், குடல் முதலிய ஆழ்ந்த உறுப்புகளின் வெப்பநிலை. மூளையின் அடியில் அமைந்த பரிவகக்கீழ் என்னும் பகுதி இதை ஏறக்குறைய 37 பாகைக்கு அருகில் காத்து வருகிறது. 37 என்னும் எண்ணைப் பரப்பியவர் லைப்சிக் நகர மருத்துவர் கார்ல் வுண்டர்லிக். சுமார் 25,000 நோயாளிகளின் அக்குளில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு அவர் எழுதிய நூல் 1868இல் வெளிவந்தது. உண்மையில் அது நிலையான எண் அன்று. விடியற்காலையில் தாழ்ந்தும் மாலையில் உயர்ந்தும் நாள்தோறும் அரைப் பாகை முதல் ஒரு பாகை வரை அது ஊசலாடுகிறது. பெண்களில் மாதச் சுழற்சியின் பிற்பாதியில் மேலும் 0.3 முதல் 0.5 பாகை உயர்கிறது. கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் இந்த அரைப் பாகையைப் புறக்கணிக்க முடியாது. தொழிலாளர் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் காலையில் ஒரு முறை அளந்து, அதனோடு ஒப்பிடாமல், மாலையில் எடுத்த ஒற்றை எண்ணை வைத்து வெயில் என்ன செய்தது என்று சொல்வது பிழையான முறை.

இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் நாடியில் ஓடும் குருதி, உடலின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் திரும்பி வந்து கலந்த குருதி என்பதால், அதன் வெப்பநிலையே உள்வெப்பநிலைக்கு மிகச் சரியான அளவாகக் கொள்ளப்படுகிறது. அதை அளக்க நாளத்தின் வழியே ஒரு குழாயை இதயத்தினூடே செலுத்தவேண்டும் என்பதால் அது தீவிர சிகிச்சைப் பிரிவோடு நின்றுவிடுகிறது. அடுத்த நிலையில் உணவுக்குழாய் உள்ளது. மூக்கின் வழியே மெல்லிய கம்பியொன்றைச் செலுத்தி, உணவுக்குழாயில் இதயத்தின் பின்புறமாக அதன் நுனியை நிறுத்தினால், குருதியின் வெப்பநிலை மாற்றத்தை ஒரு சில நிமிடத்துக்குள் அது காட்டிவிடும்; ஆய்வுகூடங்களில் இதுவே பெரிதும் விரும்பப்படுகிறது, செருகப்படுபவர் விரும்புவாரா என்பது வேறு கேள்வி. மலக்குடலில் பத்து சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் செலுத்தும் உணரி நம்பகமானது, ஆனால் மெத்தனமானது: வேலை தொடங்கி இதயத்தின் குருதி சூடேறிய பின்னும் சுமார் அரைமணி நேரம் பிந்தியே அது உயர்கிறது, வேலை நின்ற பின்னும் சிறிது நேரம் உயர்ந்தே நிற்கிறது, பொதுவாக உணவுக்குழாயைவிட ஒரு சில பத்தில் பாகை கூடுதலாகவே காட்டுகிறது.

எளிய இடங்களுக்கு வரும்போதுதான் சிக்கல் பெருகுகிறது. வாய்க்குள், நாவின் அடியில் வைக்கும் வெப்பமானி, வாயால் மூச்சு வாங்கும் ஒருவரிடமும், சற்று முன் எதையேனும் குடித்தவரிடமும் பிழைபடும். கொழுந்து நிறுக்கும் இடத்துக்குக் கூடையோடு வந்து சேர்பவர் இவ்விரண்டையும் செய்தவராகவே இருப்பார், அவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் கால்மணி நேரம் காக்கவைத்து அளப்பது அறிவியலுக்கு உகந்தாலும் மனிதத்தன்மைக்கு உகந்ததன்று. அக்குள் அளவீடு தோலின் வெப்பநிலையைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. காதின் செவிப்பறை, மூளைக்குச் செல்லும் நாடிகளிடமிருந்து குருதி பெறுவதால் 1959இல் தியோடர் பென்சிங்கர் அதை ஒரு சிறந்த அளவிடமாக முன்வைத்தார். ஆனால் இன்று கடைகளில் விற்கும் அகச்சிவப்புக் காதுமானி செவிப்பறையை மட்டும் பார்ப்பதில்லை, காதுக்குழாயின் சுவரையும் சேர்த்தே பார்க்கிறது, அச்சுவரோ வெளிக்காற்றாலும் வெயிலாலும் மாறுகிறது. கொவிட் காலத்தில் எல்லா வாயில்களிலும் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட துப்பாக்கி வடிவக் கருவி இவை எல்லாவற்றிலும் மோசமானது. அது அளப்பது நெற்றித் தோலின் வெப்பநிலையை. வியர்வை ஆவியாகும் தோல் உள்ளுறுப்புகளைவிடக் குளிர்ந்திருப்பதுதான் உடலின் இயல்பான தந்திரம் என்பதால், உள்ளே 39 பாகையைத் தாண்டிய ஒருவரிடம்கூட அது ஆறுதலான எண்ணைக் காட்டிவிடக்கூடும். கருவி தவறுவது ஒரு குறை. ஆபத்து கூடும்போது குறைத்துக் காட்டும் திசையில் தவறுவது அதைவிடப் பெரிய குறை.

தோலின் வெப்பநிலை பயனற்றது என்று இதற்குப் பொருளல்ல. உள்ளிருந்து தோலுக்கு வெப்பம் பாய்வதற்கு இரண்டுக்கும் இடையே இறக்கம் இருக்கவேண்டும். உள்ளே 38 பாகையும் தோலில் 34 பாகையும் இருந்தால் அந்த இறக்கம் நான்கு பாகை, தோல் 37 பாகையை நெருங்கினால் ஒன்றே ஒன்று. உடலெங்கும் வேறுபடும் தோல் வெப்பநிலையை ஒரே எண்ணாகச் சுருக்க, நா. லெ. இராமநாதன் என்ற இந்திய ஆய்வாளர் 1964இல் தந்த வாய்பாடு இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது: மார்பிலும் கையிலும் எடுத்த அளவுகளைக் கூட்டி 0.3ஆல் பெருக்கி, தொடையிலும் கெண்டைக்காலிலும் எடுத்த அளவுகளைக் கூட்டி 0.2ஆல் பெருக்கி, இரண்டையும் சேர்த்தால் போதும். நான்கே இடங்களில் ஒட்டிய உணரிகளைக் கொண்டு செய்துவிடக்கூடிய இந்தச் சிக்கனமே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம்.

வெப்பத்தில் மனித உடலை அளக்கும் வரலாறு, இந்த ஈரம் வறட்சி என்னும் வேறுபாட்டைச் சுற்றியே வளர்ந்தது. 1774இல் இலண்டனில் சார்ள்ஸ் பிளாக்டன், ஜோர்ஜ் ஃபோர்டைஸ், ஜோசப் பாங்க்ஸ் முதலியோர் சூடேற்றப்பட்ட அறைகளுக்குள் நுழைந்து தம்மையே சோதித்துக்கொண்டனர். உச்ச நிலையில் அறையின் வெப்பநிலை 260 பாகை ஃபாரன்ஹைட்டை, அதாவது ஏறத்தாழ 127 பாகை செல்சியஸை எட்டியது. அந்த அறையில் வைத்த முட்டையும் மாட்டிறைச்சியும் வெந்துவிட்டன, உள்ளே நின்ற மனிதர்கள் வேகவில்லை. அவ்வறையின் வளி வறண்டிருந்ததே அதற்குக் காரணம். ஃபோர்டைஸ் கொதிநீர் ஊற்றி ஈரமாக்கிய அறைகளில், அதைவிட மிகவும் குறைந்த, 50 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் நின்றபோது உடல் முழுவதும் நீர் வழிந்தோடியது. நாவின் அடியிலும் சிறுநீரிலும் வைத்த வெப்பமானி 100 பாகை ஃபாரன்ஹைட் காட்டியது, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 145 வரை ஏறியது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய இந்தக் குறிப்பில் உள்ள சிறுநீரும் நாடித்துடிப்பும் தோட்டத்தில் செய்யக்கூடிய அளவீடுகளாக இன்னும் உயிரோடிருக்கின்றன.

இரத்தினபுரிக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஜோன் ஸ்கொட் ஹால்டேனுடையது. கோர்ன்வால் பகுதியின் டோல்கோத் வெள்ளீயச் சுரங்கத்தில் தொழிலாளரைப் பீடித்த இரத்தசோகைக்குக் கொக்கிப் புழுவே காரணம் என்று 1902இல் கண்டறிந்தவர்களில் அவரும் ஒருவர். டோல்கோத்தின் ஈரமான ஆழங்களிலும் சூடாக்கிய அறைகளிலும் மலக்குடல் வெப்பநிலையை அளந்து, 1905இல் ஹால்டேன் வெளியிட்ட முடிவு இது: மனிதனின் உள்வெப்பநிலை ஏறுமா என்பதைத் தீர்மானிப்பது வளியின் வெப்பநிலை அன்று, ஈரக்குமிழ் வெப்பநிலையே. அசையாத வளியில் ஈரக்குமிழ் 31 பாகையைத் தாண்டினால், இடுப்புக்கு மேல் ஆடையின்றி வேலை எதுவும் செய்யாமல் இருப்பவரின் உள்வெப்பநிலைகூட ஏறத் தொடங்குகிறது. கடும் உழைப்பென்றால் ஏறத்தாழ 25.5 பாகையிலேயே அந்த எல்லை வந்துவிடுகிறது.

இரத்தினபுரியின் மாணிக்கக்கல் குழியொன்றை இந்த எல்லைக்கு அருகில் வைத்துப் பார்க்கலாம். ‘இல்லம்’ எனப்படும் மாணிக்கம் தாங்கும் சரளைப் படையை அடையும் வரை செங்குத்தாகத் தோண்டி, மரச்சட்டங்களால் சுவரைத் தாங்கி, ஊறிவரும் நீரை இடைவிடாது இறைத்துக்கொண்டே, குறுகிய பக்கவழிகளில் குனிந்து வெட்டும் வேலை அது. மண்ணுக்குள் சில மீற்றர் ஆழத்துக்குக் கீழே வெப்பநிலை அவ்விடத்தின் ஆண்டுச் சராசரியையே ஒட்டி நிற்கும் என்பது பொதுவிதி. இரத்தினபுரியில் அது ஏறத்தாழ 27 பாகை. நீர் ஊறும் குழியின் வளி நிறைவான ஈரத்தில் இருப்பதால் ஈரக்குமிழும் உலர்குமிழும் அங்கே ஒரே எண்ணைத்தான் காட்டும். மேலே வெயிலில் நிற்பவருக்குக் குழி குளிர்ச்சியாகத் தெரியும். ஆனால் 27 பாகை ஈரக்குமிழ் என்பது, காற்றோட்டமின்றிக் கடுமையாக உழைப்பவருக்கு ஹால்டேன் வகுத்த எல்லையை ஏற்கனவே கடந்த நிலை.

வெயிலையும் காற்றையும் சேர்த்துக் கணக்கிட, 1957இல் யாக்லோவும் மினார்டும் அமெரிக்க மரைன் படைப் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் வீரர்கள் வீழ்வதைத் தடுப்பதற்காக வகுத்த ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை இன்று தொழிற்சுகாதாரத்தின் பொது அளவுகோலாகியுள்ளது. திறந்த வெளியில் வைத்த ஈரக்குமிழுக்குப் பத்தில் ஏழு பங்கும், வெயிலை உறிஞ்சும் கறுப்புக் கோளத்தின் வெப்பநிலைக்கு இரண்டு பங்கும், வளியின் வெப்பநிலைக்கு ஒரு பங்கும் தந்து அது கணிக்கப்படுகிறது. மேலே சொன்ன இரத்தினபுரியின் பகலில் கறுப்புக் கோளம் வெயிலில் 45 பாகை காட்டுவதாகக் கொண்டால் கிடைக்கும் எண் 32ஐத் தாண்டும். இறப்பர் மரங்களின் நிழலில் கோளம் 34 காட்டினாலும் எண் 30க்கு அருகிலேயே நிற்கும். நடுத்தர உழைப்புக்கு 28 பாகை என்பது வெப்பத்துக்குப் பழகிய தொழிலாளருக்குப் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. நிழல் உதவுகிறது, ஆனால் ஈரத்துக்கு நிழல் மருந்தாகாது என்பதை இந்த இரண்டு பாகை வித்தியாசமே காட்டிவிடுகிறது. வளிமண்டலவியல் திணைக்களம் அண்மைய ஆண்டுகளில் வெளியிட்டுவரும் வெப்பச்சுட்டி எச்சரிக்கைகளில் சப்ரகமுவ அடிக்கடி இடம்பெறுவதும் இதே காரணத்தால்தான். அச்சுட்டி வளியின் வெப்பநிலையையும் சாரீரப்பதனையும் மட்டுமே கொள்வதால், அது நிழலில் இருப்பவருக்கான எண், வெயிலில் நிற்பவரின் நிலை அதைவிட மோசம்.

உலக சுகாதார நிறுவனம் 1969இல் வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கை, நாள்தோறும் நெடுநேரம் கடுமையாக உழைப்போரின் உள்வெப்பநிலை 38 பாகையைத் தாண்டலாகாது என்று வகுத்தது. 37க்கும் 38க்கும் இடையே இருப்பது ஒரே ஒரு பாகை. அரைப் பாகை பிழைபடும் கருவியால் அதைக் காவல் செய்ய முடியாது. உள்ளே 40 பாகையைக் கடந்து, அதோடு மனக்குழப்பமும் நினைவு தடுமாற்றமும் சேர்ந்தால் அது வெப்பவாதம். அதற்கு முன்னரே, குருதி பெருமளவில் தோலுக்குத் திருப்பப்படுவதால் குடலின் சுவர் குருதி குன்றி, நச்சுப் பொருள்களைக் கசியவிடத் தொடங்கியிருக்கும்.

அளக்கப்படுபவரின் மானத்துக்கும் அளவீட்டின் துல்லியத்துக்கும் இடையிலான இழுபறியைத் தீர்க்க வந்தது விழுங்கும் வெப்பமானி. 1980களில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பிரயோக பௌதிக ஆய்வுகூடமும் நாசாவின் கொடார்ட் மையமும் இணைந்து உருவாக்கிய மாத்திரைக்குள் இருப்பது ஒரு படிகக்கல். வெப்பநிலைக்கேற்ப அதன் அதிர்வெண் மாறுவதை, குறைந்த ஆற்றலுள்ள வானொலி அலையாக இடுப்பில் கட்டிய வாங்கிக்கு அது அனுப்புகிறது. 1998இல் 77 வயதில் விண்வெளிக்குச் சென்ற ஜோன் கிளென் அத்தகைய ஒன்றை விழுங்கினார். உழைப்பவரின் உடலில் எதையும் செருகாமல், அவர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, நிமிடத்துக்கு நிமிடம் உள்வெப்பநிலையைத் தரும் இதுவே இன்று வயல்வெளி ஆய்வுக்கு மிகச் சிறந்த வழி. குறைகளும் உண்டு: இரைப்பையில் இருக்கும்வரை குடிக்கும் குளிர்நீரெல்லாம் அதைக் குளிரவைக்கும் என்பதால் பல மணி நேரம் முன்னரே விழுங்கிவிடவேண்டும், குடலில் அடைப்புள்ளவருக்குக் கொடுக்கக்கூடாது, ஒருவருக்கு ஒன்று என்று செலவாகிவிடும் பொருள், விலையும் குறைவன்று. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இம்மாத்திரைகளைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வு, பழைய நம்பிக்கை ஒன்றை உடைத்தது. ஈரக்குமிழ் 35 பாகையே மனிதன் தாங்கும் எல்லை என்று 2010இல் ஷெர்வூட்டும் ஹூபரும் கோட்பாட்டளவில் வகுத்திருக்க, வீட்டுவேலை அளவுக்கு மட்டும் இயங்கிய ஆரோக்கியமான இளையோரின் உள்வெப்பநிலை, ஈரமான வளியில் ஈரக்குமிழ் 30 முதல் 31 பாகையிலேயே கட்டுப்பாட்டை மீறி ஏறத் தொடங்கியது. நூற்றாண்டுக்கு முன் ஹால்டேன் சொன்ன எண்ணும் ஏறக்குறைய அதுதான்.

தோட்டத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு மாத்திரை கொடுக்கமுடியாது என்னும்போது, மறைமுக வழிகளே மிஞ்சுகின்றன. அவற்றுள் நாடித்துடிப்பு முதன்மையானது. தோலுக்குக் குருதியை அனுப்பவும் தசைக்கு அனுப்பவும் இதயம் ஒரே வேளையில் முயல்வதால், உள்வெப்பநிலை ஒரு பாகை ஏறும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 33 துடிப்புகள் கூடுகின்றன என்று ஐ.எஸ்.ஓ. 9886 என்னும் சர்வதேசத் தரநியமம் குறிக்கிறது. அமெரிக்க இராணுவ ஆய்வாளர்கள் 2013இல், தொடர்ந்து பதிவாகும் துடிப்புகளிலிருந்தே உள்வெப்பநிலையை ஏறத்தாழ 0.3 பாகைப் பிழையோடு ஊகிக்கும் கணிதமுறையையும் வெளியிட்டனர். ஒருவரின் உயிரை நம்பி ஒப்படைக்க அது போதாது. ஆனால் முப்பது பேர் பறிக்கும் ஒரு மலையில் எத்தனை மணிக்கு எல்லோருடைய எண்ணும் ஏறத் தொடங்குகிறது, எத்தனை நிமிட ஓய்வில் இறங்குகிறது என்று காண அது தாராளமாகப் போதும்.

அதே தரநியமம் ஏற்கும் இன்னொரு வழி சிறுநீரின் வெப்பநிலை. சிறுநீர்ப்பையில் தங்கியிருக்கும் நீர் உடலின் ஆழத்து வெப்பநிலையிலேயே இருப்பதால், கழிக்கும்போதே, வழியும் நீரில் ஒரு விரைவான உணரியைப் பிடித்து, போதிய அளவு நீரோடு அளந்தால், மலக்குடலுக்கு அருகிலான எண் கிடைத்துவிடும். மலிவானது, வலியற்றது, மானத்துக்கும் பெரிதாக ஊறு செய்யாதது. ஆனால் தேயிலை மலையில் இதைச் செய்வதற்குக் கழிப்பறை வேண்டும், அது பெரும்பாலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு அருகில்தான் இருக்கிறது. ஒதுங்க இடமில்லாத பெண் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார் என்பதைச் சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு, தமிழ்நாட்டின் தொழிலிடங்களில் நேரிலேயே பதிவு செய்துள்ளது. அதே குழு திருவண்ணாமலையில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், வேலையில் மிகை வெப்பத்துக்கு ஆட்பட்டவர்களிடையே கருச்சிதைவின் வாய்ப்பு இரு மடங்காக இருந்தது. கருவின் வெப்பநிலை தாயின் உள்வெப்பநிலையைவிட ஏறத்தாழ அரைப் பாகை உயர்வாகவே இருப்பதால், தாய்க்கு 38 என்னும் எண் கருவுக்கு 38.5, தாயின் நெற்றியை அளந்து இதை அறிய வழியேயில்லை.

சப்ரகமுவ தோட்டங்களின் நடைமுறையில் மேலும் இரு விடயங்கள் கணக்கில் சேரவேண்டும். கொழுந்துச் செடியின் ஈரமும் கீறலும் படாமலிருக்க இடுப்பில் சுற்றும் படங்கு அல்லது பொலித்தீன், உடலின் கீழ்ப்பாதியிலிருந்து ஆவியாக வேண்டிய வியர்வையை அடைத்துவிடுகிறது. வானிலை நிலையத்தில் அளந்த எந்த ஈரக்குமிழ் எண்ணும் அதை அறியாது. அத்துடன் கூலி கிலோ கணக்கில் தங்கியிருப்பதால், உடல் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இயற்கைத் தற்காப்பு வேலை செய்வதில்லை. தன் விருப்பப்படி நடை தளர்த்தும் உழவரின் உள்வெப்பநிலை வெயில் மிகுந்தாலும் பெரிதாக ஏறாமலிருக்க, நாள் முடிவதற்குள் எடையை நிரப்பவேண்டியவரின் உள்வெப்பநிலை அதே வெயிலில் ஏறிவிடும். பால் வெட்டுவோர் மட்டும், விடியலில் பால் நன்கு வடிவதால் சூரியனுக்கு முந்தியே வேலையைத் தொடங்குவதால், தற்செயலாக ஓரளவு காப்பு பெறுகிறார்கள்.

மலையிலே ஒருவர் மயங்கி விழுந்தால் அளவீட்டின் நோக்கமே மாறிவிடுகிறது. அங்கே நோக்கம் வரம்பு வகுப்பதன்று, அது வெறும் களைப்பா வெப்பவாதமா என்று சில நிமிடத்தில் பிரித்தறிவது. அதற்கு மலக்குடல் அளவீட்டுக்கு நிகரானது வேறில்லை என்பது விளையாட்டு மருத்துவம் பல ஆண்டுகள் பட்டறிந்து கண்ட முடிவு. அமெரிக்காவின் ஃபால்மவுத் வீதியோட்டத்தில் 18 பந்தயங்களில் வெப்பவாதத்தால் வீழ்ந்த 274 பேரும், மலக்குடலில் அளந்து, அந்த இடத்திலேயே தொட்டி நீரில் அமிழ்த்தப்பட்டதால், ஒருவர் குறையாமல் பிழைத்தனர். பனிக்கட்டி கிடைக்காத தோட்டத்திலும், பீலியில் (குழாய்வழியே கொட்டும் ஊற்றில்) வரும் தண்ணீர் உடலைவிடப் பத்துப் பாகைக்கு மேல் குளிர்ந்ததே. அதில் தொடர்ந்து நனைத்து விசிறுவது, வாகனம் வரும்வரை வெறுமனே காத்திருப்பதைவிட மேல், குளிர்விப்பு முதலில், வைத்தியசாலை அடுத்து என்பதே முறை. தோட்ட மருந்தகத்தில் அதற்குத் தேவையானது, 42 பாகைக்கு மேலும் காட்டக்கூடிய, வளையும் கம்பியுடன் கூடிய ஒரு மலக்குடல் உணரி, மறைப்புக்கு ஒரு துணி, அதைப் பயன்படுத்தத் தெரிந்த, கூடுமானால் பெண்ணான, ஓர் உதவியாளர். உணரியை எடுக்காமலே குளிர்வித்து, எண் 39க்குச் சற்றுக் கீழே இறங்கியதும் நீரிலிருந்து வெளியே எடுத்து, துடைத்து, அதன் பிறகே இரத்தினபுரி வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும்.